பக்கவாதத்திற்குப் பிறகு அம்மா வீடு திரும்புகிறார்: பணிப்பெண் ஒருவர் மட்டும் போதுமா?

புக்கிட் பாத்தோக் மகள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தாயாருக்கு 78 வயது. பக்கவாதத்தால் வலது கையும் வலது காலும் செயலிழந்து, இங்கே சிங்கப்பூரில் சமூக மருத்துவமனை ஒன்றில் மறுவாழ்வுச் சிகிச்சை பெற்று வருகிறார். அடுத்த மாதம் வீட்டுக்கு அழைத்துச் செல்லலாம் என்று மருத்துவர்கள் கூறியிருக்கிறார்கள். குளிப்பது, உடை மாற்றுவது, கழிவறைக்குச் செல்வது, கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாறுவது ஆகிய அனைத்துக்கும் அவருக்கு ஒருவருடைய உதவி தேவைப்படுகிறது. தண்ணீரை அப்படியே கொடுத்தால் புரையேறுகிறது. பேச்சு ஓரளவு திரும்பியிருக்கிறது. ஆனால் நினைத்த சொல் வாயில் வராதபோது மிகவும் தவித்துப்போகிறார்.

அப்பா காலமாகிவிட்டார். நாங்கள் மூன்று பிள்ளைகள். அண்ணன் பொங்கோலில் இருக்கிறார், தம்பி மெல்பர்னில் இருக்கிறான். அம்மா என் வீட்டில்தான் தங்கப் போகிறார். ஒரு பணிப்பெண்ணை அமர்த்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது அண்ணனின் கருத்து. பெற்ற மகள் இருக்கும்போது அந்நியரிடம் எப்படி ஒப்படைப்பது, நீ வேலையை விட்டுவிடு என்கிறார்கள் உறவினர்கள். மருத்துவமனையின் சமூக சேவை ஊழியரோ இல்லத் தாதிமை, பகல்நேரப் பராமரிப்பு நிலையம் என்று பல வழிகளைக் கூறினார். அவற்றில் எதை முதலில் செய்வது, யார் எதைப் பொறுப்பேற்பது, மாதச் செலவை எப்படிச் சமாளிப்பது என்பதெல்லாம் எனக்குத் தெளிவாகவில்லை. இந்த நிலையைக் கடந்து வந்தவர்கள் தங்கள் அனுபவத்தைக் கூறினால் பேருதவியாக இருக்கும்.

தெம்பனிஸ் தாதி எழுதியது:

சகோதரி, வணக்கம். நான் தாதியாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். கடைசிக் காலத்தில் வீடுவீடாகச் சென்று நோயாளிகளைப் பார்க்கும் இல்லத் தாதிமைப் பணியில் இருந்தேன்.

பணிப்பெண் தேவையா என்றால், உங்கள் தாயாரின் நிலையில் பெரும்பாலும் தேவைதான். ஆனால் அவர் உங்கள் ஏற்பாட்டின் ஒரு பகுதியாக இருக்க வேண்டுமே தவிர, அவரே முழு ஏற்பாடாகிவிடக் கூடாது. நான் சென்ற வீடுகளில் பராமரிப்பு குலைந்துபோனதற்கு, வந்த பெண் கெட்டவராக இருந்தது அநேகமாகக் காரணமாக இருந்ததில்லை. அவருக்கு யாரும் எதையும் சொல்லித் தராததும், அவர் களைத்துப்போனபோது கைமாற்ற யாரும் இல்லாததும்தான் காரணம்.

தாயார் மருத்துவமனையில் இருக்கும் இந்த வாரங்கள் மிகவும் மதிப்புள்ளவை. பராமரிப்பாளர் பயிற்சி வேண்டும் என்று வார்டுத் தாதியிடமும் உடற்பயிற்சிச் சிகிச்சையாளரிடமும் இப்போதே கேளுங்கள். பணிப்பெண் வந்துவிட்டால் அவரையும் அழைத்துச் செல்லுங்கள். ஆனால் நீங்களும் உங்கள் அண்ணனும் கட்டாயம் கற்றுக்கொள்ள வேண்டும். அவர்கள் செய்து காட்டுவதைப் பார்ப்பது மட்டும் போதாது, அவர்கள் கண்முன் நீங்கள் செய்து காட்ட வேண்டும்.

எடுத்துக்காட்டாக, கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றுவதை எடுத்துக்கொள்வோம். நாற்காலியை அவருடைய வலுவான பக்கத்தில், அதாவது இடப்பக்கத்தில், கட்டிலோடு சற்றுச் சாய்வாக நிறுத்தி, இரண்டு சக்கரங்களின் பிரேக்கையும் போட்டு, கால்தாங்கிகளை ஒதுக்கிவிட வேண்டும். அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து இரு பாதங்களும் தரையில் நன்றாகப் பதிந்த பிறகு, இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டு, அவரை முன்பக்கமாகக் குனியச் சொல்லி, உங்கள் முழங்காலால் அவருடைய வலது முழங்காலுக்கு முட்டுக்கொடுத்து எழுப்ப வேண்டும். வலது கையைப் பிடித்து இழுப்பதோ அக்குளில் கைகொடுத்துத் தூக்குவதோ கூடவே கூடாது. செயலிழந்த தோள்மூட்டு எளிதில் இறங்கிவிடும். பிறகு அந்த வலி மாதக்கணக்கில் நீடிக்கும். வீட்டில் எல்லோரும் பாசத்தோடு செய்யும் தவறு இதுதான்.

இன்னொன்று உணவு. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மருத்துவமனையில் கொடுக்கப்படும் உணவுத் தாளில் நம் வீட்டுச் சமையல் இருக்காது. உணவின் பதத்தையும் திரவத்தின் அடர்த்தியையும் 0 முதல் 7 வரையான படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். உங்கள் தாயாருக்கு எந்தப் படி என்பதை விழுங்குதல் சிகிச்சையாளர்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த எண்ணைக் கேட்டு எழுதிச் சமையலறையில் ஒட்டி வையுங்கள்.

நோயாளிக்கு மென்மையான உணவு என்றவுடன் நம்மவர்கள் ரசம் சாதத்தைத்தான் நினைப்பார்கள். புரையேறுபவருக்கு அதுதான் மிகவும் ஆபத்தானது. மெல்லிய ரசமும் சோற்றுப் பருக்கையும் வாயில் ஒன்றாக இருக்கும்போது, பருக்கையை மெல்வதற்குள் ரசம் தொண்டைக்குள் ஓடி மூச்சுக்குழாயில் இறங்கிவிடலாம். அதிலிருந்து நிமோனியா வரலாம். சாம்பாரில் மிதக்கும் இட்லிக்கும் இது பொருந்தும். உதிரும் இட்லியும் நல்லதன்று. குழைய வேகவைத்த சோற்றைத் தோல் நீக்கிய பருப்போடு மிக்சியில் ஒரே பதமாக அரைத்துக் கொடுக்கலாம். தாளித்த கடுகு, கறிவேப்பிலை, மிளகாய்த் தோல், கீரை நார் ஆகியவை ஒன்றுகூட இருக்கக் கூடாது. தாளித்த எண்ணெயை வடிகட்டிச் சேர்த்தால் மணம் குறையாது. தண்ணீர், மோர், தேநீர் எல்லாவற்றிலும் கெட்டிப்படுத்தும் மாவைச் சொன்ன அளவில் கலக்க வேண்டும். நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்டுங்கள், சாப்பிட்ட பிறகு அரை மணி நேரமாவது படுக்கவைக்காதீர்கள், வாயின் வலப்பக்கத்தில் உணவு தங்கியிருக்கிறதா என்று பாருங்கள். மாத்திரைகளைப் பொடியாக்குவதற்கு முன்னர் மருந்தாளரிடம் கேட்க வேண்டும், சிலவற்றைப் பொடிக்கவே கூடாது.

ஜூரோங் அண்ணன் எழுதியது:

தாதி அக்கா கூறியது அனைத்தும் சரி. ஆயினும் படிப்பவர்கள் அஞ்சிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். எங்கள் தந்தையாரை ஒரே பணிப்பெண்தான் கடைசிவரை பார்த்துக்கொண்டார். அவர் மீது எங்கள் குடும்பத்துக்கு இருக்கும் நன்றிக்கு அளவில்லை. நானும் என் மனைவியும் வேலைக்குச் செல்லாமல் இருந்திருந்தால் வீட்டுக் கடனைக்கூடக் கட்டியிருக்க முடியாது. இல்லத் தாதி, சிகிச்சையாளர், பகல்நேர நிலையம் என்று பலர் வந்துபோனால் முதியவருக்குக் குழப்பமும் நமக்கு அலைச்சலும்தான் மிஞ்சும் என்பது என் கருத்து. நல்ல பெண் ஒருவர் கிடைத்து, அவரை நம் வீட்டுப் பிள்ளையாக நடத்தினால், பெரும்பாலான சிரமங்கள் தீர்ந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை மட்டும். எங்களுக்கு முதலில் ஒரு முகவர் அனுப்பிய பெண்ணின் விவரத்தாளில் முதியோர் பராமரிப்பில் அனுபவம் உண்டு என்று இருந்தது. வந்த பிறகுதான் அவர் குழந்தைகளை மட்டுமே பார்த்தவர் என்று தெரிந்தது. ஆகவே காணொளி அழைப்பில் பேசும்போது, படுக்கையில் இருப்பவருக்கு எப்படி அணையாடை மாற்றுவீர்கள், எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பீர்கள் என்று நேராகக் கேட்டுவிடுங்கள்.

உட்லண்ட்ஸ் மருமகள் எழுதியது:

ஜூரோங் அண்ணன் தந்தையாரை அன்போடு பார்த்துக்கொண்டதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இந்தக் கருத்தை நான் ஏற்க மாட்டேன். வீட்டுப் பிள்ளையாக நடத்துகிறோம் என்று சொல்லிக்கொண்டே, வீட்டுப் பிள்ளைகள் எவரும் செய்யாத வேலையை இரவும் பகலும் ஒருவர் தலையில் சுமத்துவதை நான் பல வீடுகளில் பார்க்கிறேன். பகலெல்லாம் தூக்கி, துடைத்து, ஊட்டி, சமைத்துவிட்டு, இரவிலும் நோயாளியின் அறையிலேயே படுத்து, அவர் முனகும்போதெல்லாம் எழுந்திருக்கும் ஒருவரால் எத்தனை காலம் பொறுமையாக இருக்க முடியும்? நம்மில் யாராலும் முடியாது. அந்தக் களைப்பில் கை வழுக்கினால் விழுவது நம் தாயார்தான்.

சட்டமும் இருக்கிறது. 2023 ஜனவரி முதல் மாதத்தில் குறைந்தது ஒரு நாளாவது பணிப்பெண்ணுக்கு ஓய்வு கொடுத்தே ஆக வேண்டும். பணம் கொடுத்து அந்த நாளை ஈடுகட்ட முடியாது. வாரந்தோறும் ஓய்வுநாள் என்பதுதான் பொது விதி. அந்த நாளில் உங்கள் தாயாரைக் கட்டிலிலிருந்து எழுப்பப்போவது யார்? உங்கள் அண்ணன் பணிப்பெண் போதும் என்று கூறும்போது, ஞாயிற்றுக்கிழமை காலையில் பொங்கோலிலிருந்து புக்கிட் பாத்தோக்குக்கு அவர் வருவாரா என்று கேளுங்கள். பெயர் குறிக்கப்படாத வேலை எப்போதும் வீட்டிலிருக்கும் பெண்ணின் மீதுதான் வந்து விழும்.

பலர் வந்துபோவதால் குழப்பம் என்பதும் எங்கள் அனுபவத்தில் உண்மையில்லை. என் மாமியார் பகல்நேர மறுவாழ்வு நிலையத்துக்குச் செல்லத் தொடங்கிய பிறகுதான் முகத்தில் தெளிவு வந்தது. அங்கே இன்னொரு தமிழ் அம்மாவோடு சேர்ந்து ஒலி 96.8இல் பழைய பாடல்களைக் கேட்பதற்காகவே காலையில் தயாராகிவிடுவார். பணிப்பெண்ணுக்கும் அந்த நேரத்தில் மூச்சுவிட இடம் கிடைத்தது.

செங்காங் கணக்கர் எழுதியது:

செலவைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்று இதை எழுதுகிறேன். நான் கணக்காளர், என் பெற்றோருக்காக இந்தப் படிவங்கள் அனைத்தையும் நிரப்பியவன். உங்கள் தாயாரின் வயதையும் நீங்கள் விவரித்த நிலையையும் வைத்துக் கூறுகிறேன்.

ஏறக்குறைய எல்லாத் திட்டங்களும் ஆறு அன்றாடச் செயல்களை அளவுகோலாகக் கொள்கின்றன: குளித்தல், உடுத்துதல், உண்ணுதல், கழிவறையைப் பயன்படுத்துதல், நடமாடுதல், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு இடம் மாறுதல். உங்கள் தாயாருக்கு இவற்றில் மூன்றுக்கு மேல் உதவி தேவைப்படுகிறது. ஆகவே மருத்துவமனையிலிருந்து வெளியேறுவதற்கு முன்பே செயல்திறன் மதிப்பீட்டு அறிக்கையை அங்குள்ள மருத்துவரிடமோ சிகிச்சையாளரிடமோ கேட்டு வாங்கிவிடுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு அதற்காகவே சக்கர நாற்காலியில் அழைத்துக்கொண்டு அலைய வேண்டாம்.

முதலில் இல்லப் பராமரிப்பு மானியம். 2019இல் மாதம் 200 வெள்ளியாக (சிங்கப்பூர் டாலர்) தொடங்கிய இத்திட்டம் 2023இல் அதிகபட்சம் 400 வெள்ளியாக உயர்ந்தது. 2026 ஏப்ரல் முதல் அது 600 வெள்ளி வரை உயர்த்தப்பட்டிருக்கிறது. குடும்பத்தில் தலைக்கு எவ்வளவு வருமானம் என்பதைப் பொறுத்து தொகை மாறும். ரொக்கமாகவே கிடைப்பதால் பணிப்பெண்ணின் சம்பளத்துக்கோ பகல்நேர நிலையத்துக்கோ பயன்படுத்தலாம்.

அடுத்தது காப்புறுதி. கடும் உடற்குறைக்கான எல்டர்ஷீல்டு காப்புறுதித் திட்டம் 2002இல் தொடங்கியபோது உங்கள் தாயார் ஐம்பதுகளில் இருந்திருப்பார். அப்போது அவரிடம் மெடிசேவ் எனப்படும் மருத்துவச் சேமிப்புக் கணக்கு இருந்து, அவர் விலகிக்கொள்ளாமல் இருந்தால், கடுமையான உடற்குறைக்கு மாதம் 300 வெள்ளி என ஐந்து ஆண்டுகளுக்குக் கிடைக்கலாம். 2007க்குப் பிறகு திட்டத்தை மேம்படுத்தியிருந்தால் 400 வெள்ளி என ஆறு ஆண்டுகளுக்கு. பலர் அப்போது விலகியதையே மறந்துவிட்டார்கள். விலகாமல் இருந்ததை மறந்தவர்களும் இருக்கிறார்கள். சிங்பாஸ் எனப்படும் அரசாங்க மின்னிலக்க அடையாளத்தின் மூலம் பார்த்துவிடுங்கள். 1949ஆம் ஆண்டு இறுதிக்குள் பிறந்த முன்னோடித் தலைமுறையினர் என்றால், அவர்களுக்கான உடற்குறை உதவித் திட்டத்தில் மாதம் 100 வெள்ளி தனியாக உண்டு. அவருடைய மெடிசேவ் கணக்கிலிருந்தும் மாதம் 200 வெள்ளி வரை ரொக்கமாக எடுக்கலாம். ஆனால் முழுத் தொகையை எடுக்கக் கணக்கில் 20,000 வெள்ளியாவது இருக்க வேண்டும், 5,000 வெள்ளிக்குக் கீழே இருந்தால் எடுக்க முடியாது.

பணிப்பெண்ணுக்காக முதலாளி அரசாங்கத்துக்குக் கட்டும் மாதத் தீர்வை வழக்கமாக 300 வெள்ளி. 67 வயதோ அதற்கு மேலோ ஆனவர் உடன் வசித்தால் அது 60 வெள்ளியாகக் குறையும். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. தீர்வைச் சலுகை பெற, தாயாரின் அடையாள அட்டையில் உங்கள் வீட்டு முகவரி இருக்க வேண்டும். ஆனால் மானியங்களுக்கான தலைக்கு வருமானக் கணக்கும் ஒரே முகவரியில் உள்ள குடும்பத்தாரை வைத்துத்தான் பார்க்கப்படுகிறது. உங்கள் வீட்டில் சம்பாதிப்பவர்கள் அதிகமென்றால் மானியம் குறையக்கூடும். இரண்டையும் கணக்கிட்டுப் பார்த்துவிட்டு முகவரியை மாற்றுங்கள்.

சக்கர நாற்காலி, கழிவறை நாற்காலி, மருத்துவமனைக் கட்டில் ஆகியவற்றைச் சொந்தப் பணத்தில் அவசரப்பட்டு வாங்க வேண்டாம். மூத்தோர் நடமாட்ட, உதவி நிதியில் தகுதிக்கேற்ப 90 விழுக்காடு வரை மானியம் உண்டு. சிகிச்சையாளரின் பரிந்துரையும் அதற்கு முன்னரே வேண்டும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு என்றால், முதியோருக்கு ஏற்ப வீட்டை மாற்றியமைக்கும் ஈஸ் திட்டத்தின்கீழ்க் குளியலறையில் கைப்பிடிகள், வழுக்காத தரை, வாசலில் சாய்தளம் ஆகியவற்றை மிகக் குறைந்த செலவில் அமைத்துக்கொள்ளலாம். அந்த வேலைகள் தாயார் வருவதற்கு முன்பே முடிந்திருப்பது நல்லது. விண்ணப்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஏஐசி எனப்படும் ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பே வழிகாட்டும்.

புக்கிட் பாத்தோக் மகள் எழுதியது:

உங்கள் அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. அண்ணனை இந்த இழையைப் படிக்கச் சொல்லியிருக்கிறேன். பயிற்சிக்கு வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். மதிப்பீட்டு அறிக்கையையும் கேட்டிருக்கிறேன்.

இன்னும் இரண்டு கவலைகள் இருக்கின்றன. முதலாவது மொழி. அம்மாவுக்குத் தமிழும் பழைய காலத்துப் பாசார் மலாயும்தான் தெரியும், ஆங்கிலம் தெரியாது. தமிழ்நாட்டிலிருந்து ஒருவரை வரவழைக்கலாமா, அல்லது இந்தோனீசியப் பெண்ணிடம் அம்மா மலாயில் பேசிச் சமாளிப்பாரா? இரண்டாவது என் வேலை. விடுவதா வேண்டாமா என்று ஒவ்வோர் இரவும் யோசிக்கிறேன். எனக்கு ஐம்பதைக் கடந்துவிட்டது. விட்டுவிட்டால் திரும்ப இதே நிலையில் ஒரு வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை இல்லை. ஆனால் அம்மாவைவிட வேலை பெரிதா என்று அத்தை கேட்கும்போது பதில் சொல்ல முடியவில்லை.

தெம்பனிஸ் தாதி எழுதியது:

மொழியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வலப்பக்கம் செயலிழந்து பேச்சும் தடுமாறுகிறது என்றால் மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டிருக்கிறது. அத்தகையவர்களுக்கு இரண்டு மொழிகளும் ஒரே அளவில் திரும்பும் என்று சொல்ல முடியாது. ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆகவே தாயார் மலாயில் எளிய கேள்விகளைப் புரிந்துகொள்கிறாரா என்று பேச்சுச் சிகிச்சையாளர் முன்னிலையில் சோதித்துப் பாருங்கள். நம் மூத்த தலைமுறைப் பெண்கள் பலர் சந்தையிலும் கம்பத்திலும் (கிராமத்திலும்) பேசிய மலாயை வைத்தே இந்தோனீசியப் பெண்களோடு நன்றாகப் பழகிவிட்டதை நான் பார்த்திருக்கிறேன். தமிழ் பேசும் பெண் கிடைத்தால் மகிழ்ச்சிதான். ஆனால் பராமரிப்பு தெரிந்த ஒருவருக்கும் தமிழ் மட்டும் தெரிந்த ஒருவருக்கும் இடையே தேர்வு என்றால், நான் முன்னவரையே அமர்த்துவேன்.

வலி, தண்ணீர், கழிவறை, குளிர், புரட்டு, போதும் ஆகிய சொற்களைத் தமிழிலேயே அந்தப் பெண்ணுக்குக் கற்றுக்கொடுங்கள். படங்கள் ஒட்டிய அட்டை ஒன்றைக் கட்டிலின் இடப்பக்கத்தில் தொங்கவிடுங்கள். சொல் வராதபோது தாயார் இடது கையால் சுட்டிக்காட்டட்டும்.

உட்லண்ட்ஸ் மருமகள் எழுதியது:

சகோதரி, உங்கள் அத்தையின் கேள்வியே நியாயமற்றது. உங்கள் அண்ணனிடம் அவர் அதே கேள்வியைக் கேட்டாரா?

வேலையை விட்டால் சம்பளம் மட்டும் போவதில்லை. மத்திய சேம நிதிச் சந்தா நின்றுவிடும், நாளைக்கு உங்கள் முதுமைக்கான சேமிப்பும் குறையும். ஐம்பதைக் கடந்த பெண்கள் பெற்றோருக்காக வேலையை விட்டு, பெற்றோர் மறைந்த பிறகு கையில் ஒன்றுமில்லாமல் நிற்பதை நான் என் உறவிலேயே பார்த்திருக்கிறேன். அவர்களைப் போற்றிப் பேசிய உறவினர்கள் யாரும் பிறகு அவர்களுடைய மருத்துவச் செலவுக்கு வரவில்லை. உங்கள் தாயாரேகூட இதை விரும்ப மாட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

விடுவதற்கு முன் நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டைக் கேளுங்கள். 2024 டிசம்பர் முதல் நடப்பில் உள்ள முத்தரப்பு (அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கம்) வழிகாட்டுதலின்படி, ஊழியர் எழுத்துபூர்வமாகக் கேட்டால் முதலாளி அதைப் பரிசீலித்து இரண்டு மாதங்களுக்குள் எழுத்துபூர்வமாகப் பதிலளிக்க வேண்டும். வணிகக் காரணங்களைக் காட்டி மறுக்கவும் அவர்களுக்கு இடமுண்டு. ஆகவே பொதுவாகக் கேட்காமல், எந்தெந்த நாள்கள், எந்த நேரம், எத்தனை மாதங்கள், பணி எவ்வாறு தடைப்படாது என்பதையெல்லாம் எழுதிக் கொடுங்கள். முதல் மூன்று மாதங்களுக்கென்று கேட்டால் ஒப்புக்கொள்வதற்கு வாய்ப்பு அதிகம்; உண்மையில் மிகவும் கடினமான காலமும் அதுதான்.

மூவரும் காணொளியில் உட்கார்ந்து பேசி எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்தோம். மெல்பர்னில் இருக்கும் தம்பி தூரத்தில் இருப்பதால் பணம் மட்டும் அனுப்பினால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். மருத்துவச் சந்திப்புகளின் அட்டவணை, மருந்துகள் தீரும் தேதி, மாதாந்தரக் கணக்கு, மானிய விண்ணப்பங்களைத் தொடர்ந்து கவனிப்பது ஆகிய அனைத்தையும் அங்கிருந்தே செய்யலாம். ஆண்டு விடுப்பில் அவர் வரும்போது விருந்தினராக வராமல், அந்த வாரங்களில் தாயாரை முழுமையாகப் பொறுப்பேற்று உங்களை வெளியே அனுப்பட்டும். அதற்கு அவரும் பராமரிப்பைக் கற்றிருக்க வேண்டும்.

ஈசூன் மூத்தவர் எழுதியது:

பிள்ளைகளே, நான் பராமரிக்கப்படும் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எனக்கு 81 வயது, பார்க்கின்சன் நோய் இருக்கிறது. இதை என் பேரன் தட்டச்சு செய்து தருகிறான்.

இவ்வளவு நேரம் அந்த அம்மாவைப் பற்றிப் பேசினீர்கள். அவர் என்ன விரும்புகிறார் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அவரால் பேசுவது கடினமாக இருக்கலாம், ஆனால் புரிந்துகொள்கிறார் அல்லவா? எத்தனை மணிக்குக் குளிக்க விருப்பம், யார் குளிப்பாட்டினால் கூச்சம் இல்லை, சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டுக் காப்பி குடிக்க வேண்டுமா, இவையெல்லாம் சிறிய விஷயங்கள் என்று நினைக்காதீர்கள். உடம்பு பிறர் கைக்குப் போன பிறகு எங்களுக்கென்று மிஞ்சுவது இவைதான். என்னை ஆண் ஒருவர்தான் குளிப்பாட்ட வேண்டும் என்று நான் கேட்டேன். என் மகன் அதைக் காலையில் வேலைக்குப் போகும் முன் செய்கிறான்.

இன்னொன்று, நீடித்த அதிகாரப் பத்திரம், அதாவது ஆற்றல் போன பிறகு தமக்காக முடிவெடுக்க ஒருவரை முன்கூட்டியே நியமிக்கும் பத்திரம். அவர் செய்து வைத்திருக்கிறாரா? இல்லையென்றால், முடிவெடுக்கும் ஆற்றல் இருக்கும்போதே செய்துவிடுங்கள். பேச்சு தடுமாறுவதால் மட்டும் அந்த ஆற்றல் இல்லை என்றாகிவிடாது. சான்றளிப்பவர் அவரோடு பேசி, பத்திரத்தின் பொருளை அவர் உணர்ந்திருக்கிறார் என்று உறுதி செய்ய வேண்டும். தமிழ் தெரிந்த மருத்துவரையோ வழக்கறிஞரையோ தேடிச் சென்றால், அவர் மனத்தில் இருப்பதை நேராகச் சொல்ல முடியும்; எனக்கு அப்படித்தான் செய்தார்கள். பத்திரம் இல்லாமல் ஆற்றல் போய்விட்டால், பிள்ளைகள் நீதிமன்றத்தில் விண்ணப்பித்துத்தான் அவருடைய வங்கிக் கணக்கைக்கூடத் தொட முடியும்.

ஜூரோங் அண்ணன் எழுதியது:

ஐயா கூறியது நெஞ்சில் தைத்தது. உட்லண்ட்ஸ் சகோதரி ஓய்வுநாளைப் பற்றி எழுதியதையும் மறுக்க மாட்டேன். எங்கள் வீட்டில் ஞாயிறுகளில் என் மனைவிதான் அனைத்தையும் செய்தார். ஆயினும் எல்லாக் குடும்பங்களிலும் மூன்று பிள்ளைகள் இருப்பதில்லை. ஒற்றைப் பிள்ளையாக இருப்பவருக்குப் பணிப்பெண்ணைத் தவிர வேறு வழி குறைவு என்பதையும் நாம் நினைவில் கொள்ள வேண்டும். அவ்வாறு இருப்பவர்கள் தாதிமை இல்லத்தைத் தேர்ந்தெடுத்தால் அவர்களை யாரும் குறைகூறக் கூடாது.

புக்கிட் பாத்தோக் மகள் எழுதியது:

ஈசூன் ஐயாவுக்கு என் வணக்கம். இன்று மாலை அம்மாவிடம் கேட்டேன். பகல் முழுவதும் யார் பார்த்தாலும் பரவாயில்லை, இரவில் நீ பக்கத்தில் இருக்க வேண்டும் என்று சைகையாலும் சில சொற்களாலும் புரியவைத்தார். இப்போது வார்டில் இரவில் பலமுறை எழுகிறாராம். தாதி அக்கா, வேலைக்கும் சென்றுகொண்டு இரவையும் நான் எவ்வாறு சமாளிப்பது?

தெம்பனிஸ் தாதி எழுதியது:

இரவுகள்தாம் குடும்பங்களை உடைக்கின்றன, ஆகவே அவர் வருவதற்கு முன்பே இதைக் கேட்டது நல்லது.

முதலில் அவர் எதற்காக எழுகிறார் என்று வார்டில் கேட்டறியுங்கள். சிறுநீருக்காக என்றால், நீர் பிரியும் மாத்திரையைக் காலைக்கு மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்; குடிக்கும் அளவைக் குறைக்காமல், அதில் பெரும்பகுதியை மாலைக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். பகலில் கழிவறை நாற்காலியைப் பயன்படுத்தினாலும் இரவில் அணையாடை போட்டுவிடலாம். தூக்கக் கலக்கத்தில் எழுப்பி நடத்துவதைவிட அது பாதுகாப்பானது. வலி காரணமென்றால் தோளுக்கும் முதுகுக்கும் தலையணை வைக்கும் முறையைச் சிகிச்சையாளர் காட்டுவார். பகலில் அதிகமாகத் தூங்குவது காரணமென்றால் பகல்நேர நிலையம் அதற்கும் உதவும்.

படுக்கைப் புண் வராமல் இருக்க வழக்கமாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். காற்று மெத்தை போட்டு, தோலும் நன்றாக இருந்தால் இரவில் இடைவெளியை நீட்டலாமா என்பதை இல்லத் தாதி பார்த்து முடிவு செய்வார். நீங்களாக நீட்ட வேண்டாம். நீங்கள் படுக்கும் முன் ஒருமுறை, பணிப்பெண் காலையில் எழுந்ததும் ஒருமுறை என்று இரு முனைகளையும் பிரித்துக்கொண்டால், நடுவில் எழ வேண்டியது குறையும். வால் எலும்பையும் குதிகால்களையும் நாள்தோறும் பாருங்கள். அழுத்தினாலும் மறையாத சிவப்பு தெரிந்தால் உடனே தாதியை அழையுங்கள்.

கம்பியில்லா அழைப்புமணி ஒன்றை வாங்கி அவருடைய இடது கைக்கு எட்டும்படி கட்டிவிடுங்கள். நீங்கள் அதே அறையில் படுத்தாலும், அது இருக்கிறது என்ற நம்பிக்கையிலேயே பலர் தூங்கிவிடுவார்கள். வெள்ளி, சனி இரவுகளை உங்கள் அண்ணன் ஏற்கட்டும். பணிப்பெண்ணுக்குத் தொடர்ச்சியான உறக்கம் கிடைக்கும்படி அவருக்கு வேறு இடத்தில் படுக்கை கொடுங்கள்.

முதல் வாரம் நீங்களும் அண்ணனும் மாறிமாறி விடுப்பு எடுத்து, அவர் எழும் நேரத்தையும் காரணத்தையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பணியில் இருந்தபோது ஒரு வீட்டுக்கு முதல்முறை சென்றால் நான் அதைத்தான் முதலில் கேட்பேன், உங்கள் வீட்டுக்கு வரும் இல்லத் தாதியும் கேட்பார்.